கல்யாணத்துக்கு முன் வீட்டிலேயே எச்.ஐ.வி. சோதனை செய்யலாமா?

நிச்சயமாகிவிட்டது, சுங்கை சிப்புட்டில் கிளினிக்குப் போனால் தோட்டத்து ஆட்கள் யாராவது பார்த்துவிடுவார்கள், வீட்டிலேயே சோதிக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தாராளமாகச் செய்யலாம். மலேசியாவில் முஸ்லிம் ஜோடிகளுக்குத்தான் திருமணத்துக்கு முன் இது கட்டாயம், மற்றவர்களுக்கு இல்லை. ஆகவே இருவரும் மனதார ஒப்புக்கொண்டால் மட்டும் செய்யுங்கள்.

சோதனை கிட் வாங்குமுன் பேசிவிடுங்கள்: ஒருவருக்கு இருப்பதாகக் காட்டினால் யாரிடம் சொல்வது, யாரிடம் சொல்லக் கூடாது? அத்தை, சித்தி காதுக்குப் போகாது என்ற உறுதி இருவருக்கும் வேண்டும். அது கிடைக்காவிட்டால் தனித்தனியாகச் சோதித்துக்கொள்வதே மேல் என்பேன்.

எச்சில் கிட் என்றால் குச்சியை மேல் ஈறிலும் கீழ் ஈறிலும் ஒருமுறை தடவி, திரவத்தில் வைத்தால் 20 நிமிடத்தில் தெரியும். கிட்டில் 'சி' (C) என்று குறித்த இடத்தில் கோடு வராவிட்டால் சோதனை செல்லாது. 'சி'யோடு 'டி' (T) கோடும் மங்கலாகவாவது தெரிந்தால் தொற்று இருக்கலாம், ஆனால் அது முடிவல்ல; கிளினிக்கில் ரத்தம் கொடுத்து உறுதிப்படுத்த வேண்டும். 'சி' மட்டும் வந்தால் தொற்று தெரியவில்லை என்று பொருள்; ஆனாலும், கடந்த 3 மாதத்துக்குள் தொற்றியிருந்தால் கிட் காட்டாமல் போகலாம். அந்த 3 மாதத்தில் பயப்படும்படி ஏதாவது நடந்திருந்தால் பிறகு மறுபடி சோதியுங்கள்.

தொற்று உறுதியானாலும் கல்யாணத்தை நிறுத்த வேண்டியதில்லை, தயவுசெய்து இதை நம்புங்கள். அரசு மருத்துவமனைகளில் குடிமக்களுக்கு முதல்நிலை மருந்து (சிகிச்சை தொடங்கும்போது முதலில் தரும் மருந்து) இலவசம். தினமும் சாப்பிட்டு, ரத்தத்தில் கிருமி கண்டறிய முடியாத அளவுக்குக் குறைந்து அப்படியே நீடித்தால் உடலுறவில் துணைக்குத் தொற்றாது. குழந்தையும் பெற்றுக்கொள்ளலாம், தாயிடமிருந்து சேய்க்குப் பரவுவதை ஒழித்த நாடென்று மலேசியாவுக்கு உலகச் சுகாதார நிறுவனம் 2018-இல் சான்றளித்தது.