அயலாருக்காக இறங்கிய நாள்

மதிப்பிற்குரிய ஐயாவுக்கு,

வணக்கம். நான் தொண்டிக்குத் தெற்கே ஒரு கடலோரக் கிராமத்தைச் சேர்ந்தவன். கடலில் காணாமல் போகிறவர்களைத் தேடவும், கிழக்குக் கடற்கரைச் சாலையில் விபத்தில் சிக்கியவர்களை மருத்துவமனையில் சேர்க்கவும் எங்கள் ஊரில் ஒரு தன்னார்வ மீட்புக் குழு இயங்குகிறது. அதன் வரலாற்றைச் சிறு நூலாக எழுதும் பொறுப்பை என்னிடம் கொடுத்திருக்கிறார்கள். சங்கமாகப் பதிவு செய்தது ஆழிப்பேரலைக்குப் பிறகுதான். பெரியவர்களோ, தனுஷ்கோடி அழிந்த காலத்திலிருந்தே நாம் இதைச் செய்துவருகிறோம் என்கிறார்கள். அமெரிக்காவில் இத்தகைய குழுக்களுக்கு நிறுவனர் பெயரும் தொடங்கிய ஆண்டும் இருப்பதாகப் படித்தேன். எங்களுக்கு அப்படி ஒருவரும் இல்லை. நான் எங்கிருந்து தொடங்குவது?

(பெயர் தவிர்க்கப்பட்டுள்ளது)

அன்புள்ள நண்பருக்கு,

நீங்கள் படித்தது வர்ஜீனியா மாநிலத்து ரோனோக் நகரக் குழுவைப் பற்றியதாக இருக்கும். ஜூலியன் ஸ்டான்லி வைஸ் என்பவர் 1909-இல், ஒன்பது வயதுச் சிறுவனாக இருந்தபோது, ரோனோக் ஆற்றில் இருவர் மூழ்கி இறப்பதைக் கரையிலிருந்து பார்த்தார். அவர்களைக் காப்பாற்ற ஒருவராலும் முடியவில்லை என்பது அவர் மனத்தை விட்டு அகலவேயில்லை. 1928-இல், ரயில்வேயில் தம்முடன் வேலை பார்த்தவர்களைச் சேர்த்துக்கொண்டு ஒரு மீட்புக் குழுவை அமைத்தார். அதுவரை யாருக்கும் இல்லாத ஒரு கடமையை அவர் தாமாகவே ஏற்றுக்கொண்டதால் நிறுவனர் என்ற பெயர் அவருக்குப் பொருந்துகிறது. நம் கரையில் அந்தக் கடமை முன்பே ஊரின்மேல் இருந்தது. போன வல்லம் திரும்பவில்லை என்றால், மறுநாள் மற்றப் படகுகள் தொழிலை விட்டுவிட்டுத் தேடப் போகும். அதற்கு யாரும் தீர்மானம் போட்டதில்லை.

அந்தத் தேடலின் நுட்பத்தை விரிவாக எழுதுங்கள், ஏனென்றால் உங்கள் ஊரைத் தவிர வேறு யாராலும் அதை எழுத முடியாது. இயந்திரம் நின்றுபோன படகு எங்கே ஒதுங்கியிருக்கும் என்பதைக் காற்றையும் நீவாட்டையும் (கடல் நீரோட்டத்தையும்) சேர்த்துத்தான் கணிக்கிறார்கள். வாடைக் காலத்தில், அதாவது வடகிழக்குப் பருவத்தில், வங்கக்கடல் நீர் பாக் விரிகுடா வழியாகத் தெற்கே மன்னார் வளைகுடாவை நோக்கி ஓடுகிறது. தென்மேற்குப் பருவத்தில் அந்த ஓட்டம் அப்படியே திரும்பிவிடுகிறது. வாடையில் கரைப்பக்கம் ஒதுங்கக்கூடிய அதே படகைக் கச்சான் என்ற மேற்குக் காற்று கிழக்கே, இலங்கையுடனான கடல் எல்லைக் கோட்டை நோக்கித் தள்ளிக்கொண்டு போகும். 1974 ஒப்பந்தத்தில் அந்தக் கோடு வரையப்பட்ட பிறகு, தேடப் போகிறவர்கள் ஓரிடத்தில் நின்றுவிட்டு, மண்டபத்திலுள்ள கடலோரக் காவல் படைக்குத் தகவல் கொடுத்துவிட்டுக் காத்திருக்க வேண்டியதாயிற்று. படகு போன திசை தெரிந்தும் பின்தொடர முடியாமல் திரும்பிய அனுபவம் உங்கள் மூத்தவர்கள் பலருக்கு இருக்கும். கூச்சப்படாமல் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள்.

இனி தனுஷ்கோடி. 1964 டிசம்பர் 22 இரவு வந்த புயலில் 653-ஆம் எண் பயணி ரயில் நூற்றுக்கும் மேற்பட்டவர்களோடு கடலில் போனது. உடைந்த பாம்பன் பாலத்தை 46 நாட்களில் சீரமைத்த பொறியாளர் ஈ. ஸ்ரீதரனின் பெயரை நாடே அறியும். ஆனால் உயிர்தப்பியவர்களுக்குக் கைகொடுத்த மீனவர்களின் பெயர்களை ஒரு பட்டியலாக நான் எங்கும் பார்த்ததில்லை, அது எனக்குத் தீராத வருத்தம். அதற்காக 1964-ஐ உங்கள் குழுவின் தொடக்க ஆண்டாகப் போட்டுவிடாதீர்கள். உங்கள் ஊர்ப் படகு அன்று போனது என்று, போனவர் வாயாலோ அவர் வீட்டார் வாயாலோ கேட்டால் மட்டும் எழுதுங்கள்.

பதிவு நாளையும் தொடக்கமாகக் கொள்ள வேண்டாம். 1975-ஆம் ஆண்டுச் சங்கப் பதிவுச் சட்டத்தின் கீழ் வாங்கிய சான்று வங்கிக் கணக்குக்குத் தேவைப்பட்டிருக்கும். நூலில் அதற்கு ஒரு வரி போதும்.

என் கருத்தைச் சொல்லிவிடுகிறேன். பழைய கடமை பெரிது, ஆனால் அதற்கு வேலி இருந்தது. நம் ஊர், நம் சனம், நம் பங்காளி என்ற வேலி அது. அடுத்த குப்பத்துக்காரன் காணாமல் போனால் அது அந்தக் குப்பத்தின் பாடு என்று இருந்த காலமும் உண்டு. நமக்கு ஒட்டோ உறவோ இல்லாத ஒருவருக்காக உங்கள் ஊர் ஆட்கள் முதன்முறையாக இறங்கிய நாள் எதுவோ, அங்கேதான் உங்கள் குழு பிறந்தது. அவர் நள்ளிரவில் சாலையில் கவிழ்ந்த லாரியின் ஓட்டுநராக இருக்கலாம், இலங்கையிலிருந்து வந்த அக்கரைக்காரராகவும் இருக்கலாம். சாலையில் அடிபட்டவரைத் தூக்கினால் காவல் நிலையத்துக்கும் நீதிமன்றத்துக்கும் அலைய வேண்டும் என்று நம் மக்கள் அஞ்சியதற்குக் காரணம் இருந்தது. உதவியவரைத் தொல்லைப்படுத்தக் கூடாது என்பதை உச்ச நீதிமன்றம் 2016-இல்தான் உறுதிப்படுத்தியது, 2019-இல்தான் மோட்டார் வாகனச் சட்டத்தில் 134ஏ பிரிவு சேர்ந்தது. அந்தப் பாதுகாப்பு வருவதற்கு முன்பே தூக்கியவர்கள் உங்கள் ஊரில் இருந்தால், அவர்களுக்குத் தனி அத்தியாயம் கொடுங்கள்.

இன்னொன்றையும் மறைக்காமல் எழுத வேண்டும். மூழ்கியவரைத் தலைகீழாகத் தூக்கிச் சுற்றுவதும் வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பதும்தான் நம் கரைகளில் நெடுங்காலம் வழக்கம். மூழ்கியவர் உயிர் போவது மூச்சுக்காற்று கிடைக்காததால். வயிற்றுத் தண்ணீரை எடுப்பதில் செலவாகும் ஒவ்வொரு நிமிடமும் அவருக்கு இழப்பு. வாயோடு வாய் வைத்து மூச்சு ஊதிய பிறகு, 30 முறை மார்பை அழுத்தி 2 முறை ஊதுவதைத் தொடர வேண்டும். இதை உங்கள் குழுவுக்கு யார் முதலில் கற்றுக்கொடுத்தார்கள், அதை ஏற்க எத்தனை பேர் தயங்கினார்கள் என்பது எந்தக் கோப்பையையும் பாராட்டுப் பத்திரத்தையும் விட முக்கியமான செய்தி.

குழுவிடம் டீசல் கணக்கு எழுதிய நோட்டுகள் இருக்கும். அவற்றைத் தேடி எடுங்கள். எந்த நாளில் எத்தனை படகுகள் போயின, யார் செலவை ஏற்றார்கள் என்பது அதில் கிடக்கும். விசைப்படகுக்கும் நாட்டுப்படகுக்கும் வாரத்தில் நாள் பிரித்துக் கொடுத்திருக்கும் கடலில், தேடலுக்குக் கொடுத்த ஒரு நாள் என்பது அந்த வாரத்து வருமானத்தில் பெரும்பங்கு. அந்த இழப்பை வீட்டில் சமாளித்த பெண்களிடமும் பேசுங்கள். ஆண்கள் மறந்த தேதிகள் அவர்களுக்கு நினைவிருக்கும்.

தேடியும் கிடைக்காதவர்களையும் சேருங்கள். ஆனால் அவர்கள் பெயரை அச்சில் போடுவதற்கு முன் அந்தந்த வீட்டுக்கு நேரில் போய்க் கேளுங்கள். வேண்டாம் என்று சொன்னால், அந்த ஆண்டையும் போன படகுகளின் பெயர்களையும் மட்டும் குறித்துவிட்டு மேலே செல்லுங்கள்.

அன்புடன்.