உத்தமபாளையத்துக்கு மட்டும் ஏன் பைபாஸ்?

கேள்வி: வயது 51, சென்னையில் வேலை. ஆறாம் வகுப்பு முதல் பத்தாவது வரை உத்தமபாளையத்தில் சித்தி (அம்மாவின் தங்கை) வீட்டில் தங்கிப் படித்தேன். சித்தப்பாவின் சைக்கிளில் குரங்குப்பெடல் போட்டுத்தான் ஓட்டக் கற்றேன். இப்போது மூன்று நண்பர்களுடன் கம்பம் பள்ளத்தாக்கில் ஐந்து நாள் சைக்கிள் பயணம் போக ஆசை. தேனி, வீரபாண்டி, சின்னமனூர், அங்கிருந்து உத்தமபாளையம் பைபாஸ் வழியாகக் கம்பம், சுருளி அருவி, கடைசியாக லோயர் கேம்ப்பில் பென்னிகுயிக் மணிமண்டபம். சித்தப்பா போன வருஷம் தவறிவிட்டார். ஆபீஸில் ஆடிட் நேரம், போக முடியவில்லை. சித்தி வீட்டுக்குப் போனால் விடமாட்டார், ஒரு நாள் போய்விடும். எந்த மாதம் நல்லது? மனைவி ‘இந்த வயசுல இது தேவையா?’ என்கிறாள். எப்படிச் சம்மதிக்க வைப்பது?

பதில்: மனைவி விஷயத்தை விடுங்கள். டாக்டரிடம் ஒரு தடவை நெஞ்சைக் காட்டிவிட்டு வந்தால் அவரே டிபன் கட்டிக் கொடுப்பார்.

வழியில் உள்ள ஊர் ஒவ்வொன்றிலும் நின்று நிதானமாகப் போகிறீர்கள். ஐந்து வருஷம் சோறு போட்ட ஊருக்கு மட்டும் பைபாஸ். லாரி பறக்கிற ரோட்டில் சைக்கிள் மிதிக்க யாருக்கு ஆசை? ஊருக்குள் போனால் தெரிந்தவர் யாராவது பார்த்துச் சித்தியிடம் சொல்லிவிடுவார்கள், அதுதானே?

மணிமண்டபத்துக்குப் போகிறீர்கள், சரி. 1895-ல் பெரியாறு அணையைக் கட்டி முடித்த வெள்ளைக்காரருக்கு அந்தப் பக்கத்து விவசாயிகள் இன்றும் ஜனவரி 15-ல் பொங்கல் வைக்கிறார்கள். அங்கே நின்று போட்டோ எடுக்கப் போகிறவருக்குச் சொந்தச் சித்தப்பாவின் படத்துக்கு முன்னால் நிற்க நேரமில்லை.

சித்தி விடமாட்டார் என்பதெல்லாம் சாக்கு. ‘உங்க சித்தப்பா போனப்ப ஏன்டா வரல?’ என்று கேட்டுவிடுவாரோ என்றுதான் பயப்படுகிறீர்கள். கேட்கட்டுமே! எடுத்த அன்று வர முடியவில்லை. பதினாறாம் நாள் காரியத்துக்கு? அப்புறம் வந்த பொங்கலுக்கு? ஆடிட் என்ன, வருஷம் முழுக்கவா நடந்தது? போனிலாவது பேசினேன் என்று ஒரு வரி எழுதியிருக்கிறீர்களா? அக்கா பிள்ளையை வைத்துப் படிக்க வைப்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஸ்கூல் ஃபீஸ், தீபாவளித் துணி, ராத்திரிக் காய்ச்சல் எல்லாம் அந்த வீட்டுச் செலவு. உங்கள் கடிதத்தில் குரங்குப்பெடல் மட்டும்தான் இருக்கிறது. துக்கம் கேட்காத வீட்டைத் தாண்டி உல்லாசப் பயணம் போவது எனக்குச் சம்மதமில்லை. பழைய பஞ்சாங்கம் என்பீர்கள், இருந்துவிட்டுப் போகிறேன். உங்கள் மனைவி ‘தேவையா?’ என்று கேட்டதும் இதை நினைத்துத்தானோ என்னவோ.

முதலில் ஒரு தடவை சைக்கிள் இல்லாமல், மனைவியோடு போங்கள். ஹெல்மெட்டும் இறுக்கமான டவுசருமாக நாலு பேர் வாசலில் நின்றால் அந்த அம்மா காபி போட ஓடுவாரே தவிர, மனசு விட்டு அழமாட்டார். செவ்வாய், வெள்ளியில் துக்கம் விசாரிக்கக் கூடாது என்று பல வீடுகளில் பார்ப்பார்கள். அங்கே என்ன வழக்கம் என்று கேட்டுக்கொள்ளுங்கள். ஆடிட் என்ற பேச்சே வாயில் வரக் கூடாது. திட்டினால் தலையைக் குனிந்து கேளுங்கள். சித்தப்பாவின் பழைய சைக்கிள் இருக்கிறதா என்று அன்றைக்குத் தேட வேண்டாம். கிளம்பும்போது ‘போயிட்டு வர்றேன்’ என்று சொல்லக் கூடாது. ஊரை விட்டு இத்தனை வருஷம் ஆகிவிட்டதே, மறந்திருப்பீர்கள்.

இனி சைக்கிள். ஜூன் முதல் செப்டம்பர் வரை வேண்டாம்; தென்மேற்குக் காற்று முகத்தில் அறையும், தேனியிலிருந்து கம்பம் போகிறவருக்கு அது எதிர்காற்று. அக்டோபர், நவம்பரில் மழை. கார்த்திகை பிறந்தால் மகரஜோதி வரை சபரிமலை வண்டிகள் குமுளி ரோட்டை அடைத்துக்கொள்ளும். ஆக, ஜனவரி கடைசி அல்லது பிப்ரவரிதான் தோது. சென்னையிலிருந்து போடி ரயிலில் ஏறித் தேனியில் இறங்கலாம். சைக்கிளை ஏற்றுவது பற்றிப் பார்சல் ஆபீஸில் முன்கூட்டியே பேசிவிடுங்கள். திராட்சையைப் பற்றிக் கவலை வேண்டாம், கம்பம் பக்கத்தில் வருஷம் முழுக்க ஏதாவது ஒரு பந்தலில் குலை தொங்கும். லோயர் கேம்ப்போடு திரும்பிவிடுங்கள். அதற்கு மேல் கொண்டை ஊசி வளைவுகள், லாரிக்கும் பஸ்ஸுக்குமே இடம் போதாது.

பயணத்தை ஆறு நாளாக்கிக்கொள்ளுங்கள். கூடுதலான ஒரு ராத்திரி உத்தமபாளையத்தில், சித்தி வீட்டில். நண்பர்கள் வேண்டுமானால் லாட்ஜில் தங்கட்டும். நீங்களும் லாட்ஜ் எடுத்தீர்கள் என்று தெரிந்தால், அடுத்த கடிதத்துக்கு என்னிடமிருந்து பதில் வராது.