'40 வாட்' லேசர் மலிவாகக் கிடைக்கிறதே, வாங்கலாமா?

இந்த முறை வந்த கேள்விகளில் பாதிக்கு மேல் நீல, ஊதா லேசர் பற்றியவை. மலையில் மரப்பலகையில் பெயர் பொறித்து விற்பவர்கள் பெருகிவிட்டார்கள், அதனால்தான் போலிருக்கிறது. எல்லாவற்றையும் ஒன்றாகவே பார்த்துவிடுவோம்.

கேள்வி: சில்வர் ஓக் பலகையில் வீட்டுப் பெயர்ப்பலகை செய்து விற்க நினைக்கிறேன். ஆன்லைனில் ஒரு நீல லேசர் ஹெட் '40 வாட்' என்று போட்டு மலிவாக வருகிறது. இன்னொன்று வெறும் '5.5 வாட்', ஆனால் விலை கூடுதல். 40-ஐ விட்டுவிட்டு 5-ஐ யாராவது வாங்குவார்களா? (குன்னூர் வாசகர்)

பதில்: விவரம் தெரிந்தவர்கள் அதைத்தான் வாங்குவார்கள். முதல் கடைக்காரர் சொல்வது உள்ளே போகும் மின்சாரத்தின் அளவு. இரண்டாமவர் சொல்வது வெளியே வரும் ஒளியின் அளவு. இரண்டுக்கும் வாட் என்றே பெயர் என்பதால் வியாபாரத்துக்கு வசதியாகிவிட்டது.

ஹெட்டுக்குள் லேசர் ஒளியை உண்டாக்கும் சிறு பாகம்தான் டையோடு. 5 வாட் வகை நீல டையோடு ஒன்று சுமார் 3 ஆம்பியர் மின்னோட்டத்தில் 4 வோல்ட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். பெருக்கிப் பாருங்கள், 13 வாட் பக்கம் வரும். அதில் ஒளியாக வெளியே வருவது 5 வாட் அளவுதான், மீதியெல்லாம் சூடு. அந்தச் சூட்டைத் தள்ள ஒரு விசிறி, நடுவில் டையோடுக்கு மின்னோட்டத்தை அளந்து கொடுக்கும் டிரைவர் சர்க்யூட், அதற்குப் பின்னால் 12 வோல்ட் அடாப்டர். அந்த அடாப்டரின் முதுகில் எழுதியிருக்கும் கொள்ளளவைத் தூக்கி விளம்பரத்தில் போட்டால் 40 தயார்.

உண்மையாகவே 40 வாட் ஒளி தரும் ஹெட்களும் இருக்கின்றன. 10 வாட் வேண்டும் என்றால் இரண்டு டையோடுகளின் கதிரை ஒன்றாக்குவார்கள், 20-க்கு நான்கு, 40-க்கு எட்டு. எட்டு டையோடும் அத்தனை லென்ஸும் உள்ள பொருள், ஒற்றை டையோடு ஹெட்டைவிட மலிவாக வர வழியே இல்லை.

ஆகவே விற்பவரிடம் எழுத்தில் கேளுங்கள்: வெளியே வரும் ஒளி எத்தனை வாட், எத்தனை ஆம்பியரில், டையோடின் பார்ட் நம்பர் என்ன. 'ஒரிஜினல் நிச்சியா சார்' என்று மட்டும் பதில் வந்தால் போதாது. நிச்சியா, டையோடு செய்யும் ஜப்பானின் பெரிய நிறுவனம்தான். நீல எல்.இ.டி.க்காக 2014-இல் நோபல் பரிசு வாங்கிய மூவரில் ஒருவரான ஷுஜி நகமுரா அந்த வேலையைச் செய்தது அங்கேதான். அந்தப் பெயரை ஸ்டிக்கரில் அச்சடிக்க யாருக்கும் செலவில்லை. பார்ட் நம்பர் கிடைத்தால் டேட்டாஷீட்டை (தயாரிப்பாளர் தரும் விவரத்தாள்) தேடி எடுத்து, எத்தனை ஆம்பியருக்கு எத்தனை வாட் என்ற வரைகோட்டில் விரலை வைத்துப் பார்த்துவிடலாம்.

அப்புறம் புள்ளியின் அளவு. அதிக வாட் டையோடின் கதிர் வட்டமாக விழாது, சிறு கோடாக விழும். டையோடுக்கு ஒட்டியே ஒரு குட்டி உருளை லென்ஸ் வைத்து அதைச் சுருக்கிய ஹெட்டும், வைக்காத ஹெட்டும் ஒரே வாட்டில் ஒரே மாதிரி எரிக்காது. மாதிரிப் படத்தில் குறுக்குக் கோடும் நெடுக்குக் கோடும் ஒரே தடிமனாக இருக்கிறதா என்று பாருங்கள். பெயர்ப்பலகைக்கு நிஜமான 5 வாட் தாராளம். ஒன்று நினைவிருக்கட்டும்: நிறமில்லாத அக்ரிலிக்கை நீல லேசர் வெட்டாது, ஒளி ஊடுருவிப் போய்விடும். ரெக்ஸின், பி.வி.சி. இரண்டையும் மேசைக்கே கொண்டுவராதீர்கள், குளோரின் கலந்த புகை வரும்.

கேள்வி: பள்ளி அறிவியல் மன்றத்துக்காக 405 நானோமீட்டர் ஊதா லேசர் ஒன்று வாங்கினோம். ஏற்கெனவே உள்ள 450 நீலத்துக்குப் பக்கத்தில் வைத்தால் மங்கலாகத் தெரிகிறது. இரண்டும் ஒரே பவர் என்றார்கள். ஏமாற்றிவிட்டார்களா? (கோத்தகிரி ஆசிரியை)

பதில்: மங்கலாக இருப்பதை மட்டும் வைத்து அப்படிச் சொல்ல முடியாது, டீச்சர். நம் கண் பகலில் அதிகம் உணர்வது 555 நானோமீட்டர் பச்சையை. 450-க்கு வருவதற்குள் அந்த உணர்வு நூற்றில் நான்கு பங்குக்கும் கீழே போய்விடும். 405-இல் ஆயிரத்தில் ஒரு பங்கு கூட இல்லை. ஒரே பவர் உள்ள இரண்டில் ஊதா பல பத்து மடங்கு மங்கலாகத் தெரிவது இயல்பு. ஆபத்தும் அங்கேதான் இருக்கிறது: கண்ணுக்குள் போகும் சக்தி குறையவில்லை, கண் கூசி இமை மூடுவது மட்டும் தாமதமாகும். '5 மில்லிவாட்' என்று ஒட்டிவிட்டு அதைவிடப் பல மடங்கு தரும் பாயிண்டர்களும் சந்தையில் உண்டு. சோதித்த அளவு தெரியாத லேசரைப் பிள்ளைகள் கையில் கொடுக்க வேண்டாம்.

வகுப்புக்கு ஊதாவே நல்ல தேர்வு. பச்சைத் தேயிலைக் கொழுந்தைக் கசக்கி சர்ஜிக்கல் ஸ்பிரிட்டில் ஊறவைத்து வடிகட்டுங்கள். பச்சைத் திரவத்துக்குள் ஊதாக் கதிர் போகும் தடம் ரத்தச் சிவப்பாகத் தெரியும், அது பச்சையம் உமிழும் ஒளி. கடையில் விற்கும் டானிக் வாட்டரில் விட்டால் வெளிர்நீலத் தடம். அதில் இருக்கும் குயினைன்தான் காரணம். நடுவட்டம் என்ற ஊரில் சிங்கோனா மரம் பயிரிட்டுக் குயினைன் எடுத்த மாவட்டத்தில் இந்தப் பாடத்தை விடக்கூடாது.

கேள்வி: வெளிநாட்டிலிருந்து 9 மி.மீ. நீல டையோடு ஒன்று தனியாக வரவழைத்தேன். டிரைவரில் மாட்டியதும் ஒரு நொடி பளிச்சென்று எரிந்தது. இப்போது சாதாரண எல்.இ.டி. மாதிரி மினுக்குகிறது. டையோடு டூப்ளிகேட்டா? (கொடைக்கானல் கல்லூரி மாணவர்)

பதில்: தம்பி, நீங்கள் சொல்வது செத்த லேசர் டையோடின் அடையாளம். அதை மட்டும் வைத்து டூப்ளிகேட் என்று சொல்ல முடியாது. பெரும்பாலும் கொலையாளி டிரைவர்தான். லேசர் டையோடுக்கு வோல்ட்டைப் பிடித்து வைத்தால் போதாது, மின்னோட்டத்தைப் பிடித்து வைக்க வேண்டும். கண நேரம் எகிறினாலும் டையோடில் ஒளி வெளியேறும் முகப்பு எரிந்துவிடும்.

அடுத்த டையோடை மாட்டும் முன், அதற்குப் பதிலாக டிரைவரில் மாட்டிச் சோதிக்கப் போலிச் சுமை ஒன்று செய்துகொள்ளுங்கள். ஐந்து 1என்5408 டையோடுகள் (இவை லேசர் அல்ல, சாதாரண டையோடுகள்), 0.1 ஓம் 5 வாட் ரெசிஸ்டர் ஒன்று, எல்லாம் வரிசையாக. டிரைவரை அதில் மாட்டி ரெசிஸ்டரின் இரு முனையிலும் மல்டிமீட்டரை வையுங்கள். 300 மில்லிவோல்ட் காட்டினால் 3 ஆம்பியர். குறைந்த அளவில் தொடங்கித் திருகி வையுங்கள். மின்சாரத்தை நிறுத்திச் சுமையைக் கழற்றிய பின் டிரைவரின் வெளியீட்டு முனைகளை ஒரு ஸ்க்ரூடிரைவரால் தொட்டு, கெப்பாசிட்டரில் மிச்சமிருப்பதை இறக்கிவிட்டுத்தான் டையோடை இணைக்க வேண்டும். பலர் கோட்டை விடுவது இந்தக் கடைசிப் படியில்தான். கம்பளி ஸ்வெட்டரோடு உட்கார்ந்து சால்டர் செய்வதும் ஆகாது. பனிக்காலத்து வறண்ட நாளில் அதில் ஏறும் நிலைமின்சாரமே டையோடைக் கொல்லப் போதும்.

மழைக்காலத்தில் வேறு தொல்லை. குளிர்ந்த அறையில் கிடந்த ஹெட்டை அடுப்பு எரியும் அறைக்குக் கொண்டுவந்தால் லென்ஸில் நீர் கோக்கும். அரை மணி நேரம் விட்டுப் பிறகு ஆன் செய்யுங்கள், மற்ற நேரம் சிலிக்கா ஜெல்லோடு டப்பாவில் கிடக்கட்டும். டிரைவர், ஹீட்சிங்க், ரெசிஸ்டர் போன்றவற்றுக்குக் கடல் கடக்கத் தேவையில்லை, சென்னை ரிச்சி தெருவில் கிடைக்கும். டையோடின் விலையை மட்டும் வெளிநாட்டு விலையோடு ஒப்பிடுங்கள், அதுவும் சுங்க வரியையும் கூரியரையும் சேர்த்து.

கேள்வி: ஹெட்டோடு இலவசமாக ஒரு பச்சைக் கண்ணாடி வந்தது. அது போதுமா? (ஊட்டி)

பதில்: கண்ணாடியின் நிறத்தை நம்பாதீர்கள், அதன் மேல் அச்சடித்த எண்ணைப் படியுங்கள். உங்கள் லேசரின் அலைநீளம் அந்த வரம்புக்குள் இருக்க வேண்டும், பக்கத்தில் ஓ.டி. 4 அல்லது அதற்கு மேல் போட்டிருக்க வேண்டும். ஓ.டி. 4 என்றால் பத்தாயிரத்தில் ஒரு பங்குதான் உள்ளே வரும். 5 வாட் அரை மில்லிவாட் ஆகிவிடும். '190-450' என்று போட்டதை வாங்காதீர்கள். 450 என்று விற்கும் டையோடு 455-இலும் இருக்கலாம், அப்போது நீங்கள் வரம்புக்கு வெளியே. 500 தாண்டிப் போகும் ஆரஞ்சுக் கண்ணாடி எடுங்கள். எண்ணே இல்லாத இலவசக் கண்ணாடியைக் குப்பையில் போடுங்கள். அரை வாட்டுக்கு மேல் எல்லாமே ஆபத்து வரிசையில் உச்சியில் உள்ள நான்காம் வகுப்பு லேசர், சுவரில் பட்டுச் சிதறும் ஒளிகூடக் கண்ணைக் கெடுக்கும். அறையில் இருக்கும் எல்லோருக்கும் கண்ணாடி வேண்டும்.

கேள்வி: கேரட் தோட்டத்தில் இரவில் காட்டு மாடு இறங்குகிறது. பெரிய நீல டார்ச் லேசர் வாங்கி அடித்தால் ஓடுமா?

பதில்: வேண்டாம் ஐயா. கண் போன காட்டு மாடு உங்கள் தோட்டத்திலேயே நிற்கும், கோபத்தோடு. 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் உள்ள விலங்கு அது, காயப்படுத்தினால் வேட்டை வழக்கு. வனத்துறைக்குப் போன் செய்யுங்கள்.

கேள்வி: '20 வாட் ஒளி' என்று சொல்லி விற்ற ஹெட் 3 மி.மீ. பிளைவுட்டைக்கூட வெட்டவில்லை. திருப்பி எடுக்க மறுக்கிறார்கள். விற்றவர் டெல்லியில். அவ்வளவு தூரம் போய் வழக்கு நடத்த முடியுமா? (கூடலூர்)

பதில்: போக வேண்டியதில்லை. 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம், உங்களுக்கு அது ஊட்டி. 5 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வாங்கிய பொருளுக்குக் கட்டணம் கிடையாது. அதற்கு முன் விற்பனைத் தளத்தின் குறைதீர்ப்பு அதிகாரிக்கு மின்னஞ்சல் அனுப்புங்கள். 48 மணி நேரத்தில் பெற்றுக்கொண்டதாகச் சொல்லி, ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பது 2020 மின்வணிக விதி. நகரவில்லை என்றால் 1915-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். விளம்பரப் பக்கத்தை இன்றே ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள், '20 வாட் ஒளி' என்ற வரி தெரியும்படி. நாளை அது '20 வாட் கிளாஸ்', அதாவது 20 வாட் வகை, என்று மாறியிருக்கலாம்.