எட்டு நாளுக்கு எட்டுப் புடவையா?

கேள்வி: பிப்ரவரியில் நானும் கணவரும் எட்டு நாள் காசி போகிறோம். சென்னையிலிருந்து விமானம். பெங்களூரில் இருக்கும் மகன், 'ஆளுக்கு ஒரே பை, அதுவும் தோளில் மாட்டுகிற பை' என்கிறான். எட்டு நாளுக்கு எட்டுப் புடவையாவது வேண்டாமா? அவசரத்துக்கு ஒன்று தேவைப்பட்டால் எங்கே போவது?
- வாசகி ஒருவர், மஞ்சக்குப்பம், கடலூர்

பதில்: காசியில் எட்டு நாளும் உங்களைத் தொடர்ந்து பார்க்கப் போகிறவர் உங்கள் கணவர் ஒருவர்தான். நேற்று நீங்கள் கட்டியிருந்த புடவை என்ன நிறம் என்று இன்று அவரைக் கேட்டுப் பாருங்கள். எட்டா, மூன்றா என்பது தானே முடிவாகிவிடும்.

உங்கள் பையன் சொல்வதுதான் சரி. உள்நாட்டு விமானங்களில் கையோடு கொண்டுபோக பெரும்பாலும் 7 கிலோதான். சக்கரம் வைத்த சூட்கேஸ் காலியாகவே இரண்டரை, மூன்று கிலோ இருக்கும். 'செக்-இன்னில் போட்டுக்கொள்கிறோமே' என்பீர்கள். போடலாம், இறங்கியபின் தூக்குவது யார்? காசிச் சந்துகளில் எதிரே மாடு வந்தால் மனிதர்களே சுவரோடு ஒட்டி நிற்கவேண்டும். படித்துறைப் படிகளில் சக்கரம் என்ன செய்யும்?

எனக்கும் இந்தப் புத்தி பட்டுத்தான் வந்தது. ஒருமுறை சிதம்பரத்திலிருந்து திரும்பி திருப்பாதிரிப்புலியூரில் இறங்கினோம், ஐந்து உருப்படிகளோடு. ரயில் நின்றது இரண்டே நிமிடம். நான்கை இறக்கி எண்ணிக்கொண்டிருந்தபோது, முறுக்கும் அதிரசமும் இருந்த கட்டைப்பை மட்டும் விழுப்புரத்துக்குக் கிளம்பிவிட்டது.

கட்டிக்கொள்வது ஒன்று, பையில் இரண்டு. பட்டு வேண்டாம், கெட்டிப் பருத்தியும் வேண்டாம், சிந்தெடிக் எடுத்துக்கொள்ளுங்கள். இரவில் அலசிப் பிழிந்து, மடித்து, உலர்ந்த துண்டின்மேல் வைத்துத் துண்டோடு சேர்த்துச் சுருட்டுங்கள். ஆளுக்கொரு முனை பிடித்து முறுக்கினால் மிச்ச ஈரத்தைத் துண்டு குடித்துவிடும். அப்புறம் மின்விசிறிக் காற்றே போதும், காலையில் கட்டிக்கொள்ளலாம். (கணவருக்கும் ஒரு வேலை கொடுத்த மாதிரி.) அங்கே விடியற்காலையில் குளிரும், ஸ்வெட்டரைப் பையில் திணிக்காமல் போட்டுக்கொண்டே ஏறுங்கள். தேங்காய் எண்ணெய் சின்னக் குப்பியில் போதும். மாத்திரைகள் கைக்கெட்டும் இடத்தில் இருக்கட்டும். பழம் நறுக்கும் கத்தி வேண்டாம், சோதனையில் எடுத்துவிடுவார்கள்.

'அவசரத்துக்கு' என்கிறீர்களே, பையின் பாதி இடத்தை அடைப்பது அந்த ஒரு சொல்தான். நீங்கள் போவது காட்டுக்கு அல்ல. புடவை நெய்கிற ஊருக்கு. காசியில் புடவை கிடைக்காமல் திண்டாடியதாக இதுவரை யாரும் எனக்குக் கடிதம் போட்டதில்லை.

உங்கள் ஊர்ப் பக்கத்திலேயே கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. கல்லோடு கட்டிக் கடலில் தள்ளப்பட்ட அப்பர் கரை சேர்ந்த இடம் என்பார்கள். அவர் ஊர் ஊராக நடந்தபோது கையில் இருந்தது கோயிலில் புல் செதுக்கும் ஓர் உழவாரப்படை. 'கல்லே மிதந்ததே, சூட்கேஸ் மிதக்காதா' என்று அடுத்த கேள்வி அனுப்பிவிடாதீர்கள்.

காசிக்குப் போனால் பிடித்ததில் ஒன்றை விட்டுவிட்டு வரவேண்டும் என்பது வழக்கம். நீங்கள் ஐந்து புடவைகளை மஞ்சக்குப்பத்திலேயே விட்டுவிட்டுப் போங்கள். திரும்பும்போது பக்கத்து வீட்டார் கங்கை நீர் கேட்பார்கள், அதற்காகவும் பையில் இடம் ஒதுக்கவேண்டாம். 2016-லேயே தபால் துறை கங்கை நீர் விற்க ஆரம்பித்துவிட்டது. தபால் நிலையத்தில் கேட்டுப் பார்க்கச் சொல்லுங்கள்.