டிரம்ஸ்காரர் கையிலும் பிரஷ்தான்

(வாசகர் கேள்விகள்)

போன இதழில் ஏதோ ஒரு பதிலுக்கு நடுவே, ஜாஸ் குழு வாசிக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து படம் வரைந்த கதையைப் போகிறபோக்கில் சொல்லிவிட்டேன். அதைப் பிடித்துக்கொண்டு கடிதங்கள் வந்துவிட்டன. இந்த முறை அவற்றுக்கு மட்டும் பதில். அரசியல் கேள்வி கேட்டவர்கள் கோபித்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் குடியிருப்பில் ஒருநாள் கலைவிழா. சேம்பர் ஜாஸ் குழு வாசிக்க, ஓவியர்கள் அங்கேயே வரைவதாக ஏற்பாடு. சேம்பர் ஜாஸ் என்றால் என்ன என்று விழாக் குழுவிலேயே யாருக்கும் தெரியவில்லை. வழக்கமான ஜாஸ்தானே?

ஜாஸ்தான். ஆனால் கூடத்தில் உட்கார்ந்து நாலு பேர் பேசிக்கொள்கிற மாதிரியான ஜாஸ். மூன்று வாத்தியம், நாலு வாத்தியம், மிஞ்சிப்போனால் ஐந்தாறு. ஒருவர் மூச்சை இழுப்பது அடுத்தவருக்குக் கேட்க வேண்டும், அதுதான் அளவு.

1952-இல் தொடங்கிய மாடர்ன் ஜாஸ் குவார்ட்டெட்டைக் கேட்டுப் பாருங்கள். பியானோ, உலோகப் பட்டைகளைத் தட்டி வாசிக்கிற வைப்ரஃபோன், ஆள் உயர வயலின் மாதிரி இருக்கிற டபுள் பாஸ், டிரம்ஸ், அவ்வளவுதான். மேடைக்கு டக்ஸீடோ என்கிற விருந்துக் கோட்டுப் போட்டுக்கொண்டு வருவார்கள். பியானோ வாசித்த ஜான் லூயிஸுக்கு ஜெர்மன் செவ்விசை மேதை பாஹ் மேல் பித்து. ஒரு குரலை இன்னொரு குரல் துரத்துகிற ஃபியூக் வடிவத்தை ஜாஸுக்குள் கொண்டுவந்தார். வைப்ரஃபோன் மில்ட் ஜாக்சனோ அடிமனதில் ப்ளூஸ்காரர், அமெரிக்கக் கறுப்பின மக்களின் அந்தத் துயரப் பாட்டு மரபில் ஊறியவர். இந்த இருவரின் இழுபறியில்தான் அந்தக் குழுவின் ருசியே இருக்கிறது. 1955-இல் டிரம்ஸ் கலைஞர் சிகோ ஹாமில்டன் தன் குழுவில் வயலின் குடும்பத்துச் செல்லோவைச் சேர்த்தார். கிளாரினெட், சாக்ஸஃபோன் வாசித்த ஜிம்மி ஜூஃப்ரி இன்னும் ஒரு படி மேலே போய், டிரம்ஸே இல்லாத மூவர் குழுவை நடத்தினார்.

ஓவியத்துக்குப் பக்கத்தில் வைக்க இந்த வகைதான் சரி. பதினாறு பேர் சேர்ந்து முழங்குகிற பிக் பேண்ட் என்றால், ஓவியர் பாவம், காதைப் பொத்த மூன்றாவது கை தேட வேண்டும்.

இசைக்குத் தகுந்தபடிதான் ஓவியர் நிறம் எடுக்க வேண்டுமா? சோகம் வந்தால் நீலம், குதூகலம் வந்தால் மஞ்சள் என்று?

தயவுசெய்து வேண்டாம். அது பொழிப்புரை எழுதுகிற வேலை.

ரஷ்ய ஓவியர் காண்டின்ஸ்கி 1911 ஜனவரியில் மியூனிக் நகரில் இசையமைப்பாளர் ஷோன்பெர்க்கின் கச்சேரிக்குப் போனார். திரும்பி வந்து ஒரு படம் வரைந்தார். மேலே பியானோவின் கறுப்பு, கீழே சாய்ந்து கேட்கிற ஜனங்கள், ஒரு பக்கத்தை அப்படியே விழுங்குகிற மஞ்சள். அங்கே வாசித்தது கொண்டாட்டப் பாட்டு ஒன்றும் இல்லை, இருந்தும் மஞ்சள்! டச்சு ஓவியர் மோண்ட்ரியான் அறுபத்தெட்டு வயதில், 1940-இல், நியூயார்க் போய்ச் சேர்ந்து பூகி-வூகி என்கிற துள்ளல் பியானோ இசையில் மயங்கினார். அவர் பியானோவையும் வரையவில்லை, பியானோக்காரரையும் வரையவில்லை. பல வருஷங்களாகப் போட்டுவந்த கறுப்புக் கோடுகளைத் தூக்கிப் போட்டுவிட்டு, மஞ்சள் பட்டைகளில் சிவப்பும் நீலமுமாகச் சின்னச் சின்னச் சதுரங்களைத் துள்ளவிட்டார். இசை அவர் கையை மாற்றியது.

ஆனால் இருவருமே வாசிப்பவர் பக்கத்தில் உட்கார்ந்து வரைந்தவர்கள் இல்லை. உங்கள் விழாவில் பத்தடி தூரத்தில் வாத்தியம். அங்கே உட்கார்ந்தபோது எனக்கு முதலில் கண்ணில் பட்டது நிறம் இல்லை, டிரம்ஸ்காரரின் கை. மெதுவான பாட்டுகளுக்குக் குச்சியை வைத்துவிட்டு அவர்களும் பிரஷ்தான் எடுப்பார்கள். விசிறிபோல விரிகிற மெல்லிய கம்பி பிரஷ். அதை ஸ்நேர் டிரம்மின் தோலிலிருந்து எடுக்காமலே இடது கை வட்டம் போடும். ஸ்ஸ்… ஸ்ஸ்… என்று ஒரு தொடர்ச்சி. வலது கை மேலே லேசாகத் தட்டும். நானும் ஈரத் தாளில் சாம்பல் நிறத்தை அதே மாதிரி எடுக்காமல் சுற்றிக்கொண்டிருந்தேன் என்பதைக் கொஞ்ச நேரம் கழித்துத்தான் கவனித்தேன். யாரும் ஏற்பாடு செய்து நடந்தது இல்லை அது.

பாட்டு முடியும்போது படமும் முடிந்தாக வேண்டுமா?

கட்டாயம் இல்லை. ஆனால் ஒரு கணக்கு உதவும். ஜாஸில் பெரும்பாலும் முதலில் மெட்டு வரும், பிறகு ஒவ்வொருவரும் தன் மனோதர்மத்தைக் காட்டுவார்கள், கடைசியில் மெட்டு திரும்பி வரும். திரும்பி வந்ததும் கை தானாக நிதானிக்கும். அப்போது பிரஷைக் கீழே வைப்பவர் புத்திசாலி. ‘இன்னும் கொஞ்சம்’ என்று தொட்டுத் தொட்டுத்தான் பாதிப் படங்கள் கெடுகின்றன.

பியானோ கலைஞர் பில் எவன்ஸ் 1959-இல் ‘கைண்ட் ஆஃப் ப்ளூ’ இசைத்தட்டின் உறையில் ஒரு குறிப்பு எழுதினார். மெல்லிய தாளில் வரையும் ஜப்பானிய ஓவியமுறை ஒன்றை அதில் சொல்கிறார்: தயங்கினால் கோடு கெடும், தாளே கிழியும், அழித்துத் திருத்தவும் முடியாது. ஜாஸ் வாசிப்பும் அந்த ரகம் என்பது அவர் கட்சி. அந்தப் பக்கம் மோண்ட்ரியானின் கடைசிப் படமான ‘விக்டரி பூகி வூகி’, 1944-இல் அவர் இறந்தபோது ஒட்டிவைத்த வண்ண நாடாத் துண்டுகளோடு அப்படியே நின்றுவிட்டது. இன்றும் அப்படித்தான் தொங்குகிறது. அதைக் குறை என்று சொல்ல யாருக்கு மனசு வரும்?

ஏற்பாட்டில் எதைக் கவனிக்க வேண்டும்? பெரிய திரையில் ஓவியர் கையைக் காட்டலாமா?

திரை வேண்டாம். வைத்தால் எல்லாரும் திரையைத்தான் பார்ப்பார்கள். வாசிப்பவர்கள் அதற்குப் பின்னணி இசை ஆகிவிடுவார்கள். ஓவியரும் வாத்தியக்காரர்களும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கிற மாதிரி பக்கவாட்டில் உட்காரட்டும்.

ஆயில் கலரை வீட்டிலேயே விட்டுவிட்டு வரச் சொல்லுங்கள். அன்றைக்குள் காயாது, அதைவிட, டர்பன்டைன் வாடையை நெஞ்சு நிறைய இழுத்துத்தான் கிளாரினெட்காரர் ஊத வேண்டியிருக்கும். அக்ரிலிக் நல்லது. மெல்லப் பூசினால் அடுத்த பாட்டுக்குள் காய்ந்துவிடும். டபுள் பாஸை வெயிலில் நிறுத்தாதீர்கள், சுருதி நிற்காது, மரத்துக்கும் கேடு. சாயங்காலம் என்றால் ஓவியருக்கு வெள்ளை விளக்கு. மஞ்சள் பல்பு வெளிச்சத்தில் பச்சை என்று நம்பி நான் போட்ட மரம், காலையில் பார்த்தால் நீலம்.

அப்புறம், தண்ணீர்க் குவளை மேடைப் பலகைமேல் ஏறவே கூடாது. நான் ஏற்றினேன். பாஸ்காரர் காலால் தாளம் போடப்போட, குவளை அங்குலம் அங்குலமாக நகர்ந்தது போலிருக்கிறது. நான் தாளில் குனிந்திருந்தேன். நிமிர்ந்தபோது அழுக்குத் தண்ணீர் முழுக்க, கீழே அடுக்கியிருந்த இசைக்குறிப்புத் தாள்கள் மேல். மை கரைந்து சுரங்கள் எல்லாம் ஓடுகின்றன. கிளாரினெட்காரர் ஒரு முறை கீழே பார்த்தார், கண்ணை மூடிக்கொண்டார், மிச்சத்தை ஞாபகத்திலிருந்தே வாசித்தார். இடைவேளையில் மன்னிப்புக் கேட்கப் போனேன். “பரவாயில்லை, அந்த நாலு தாளக்கட்டமும் எனக்குப் பிடிக்காது” என்றார்.

எனக்கு ஜாஸும் தெரியாது, ஓவியமும் தெரியாது. வந்து என்ன செய்வது?

டபுள் பாஸ் தனியாக வாசிக்கிற நேரம் வரும். சத்தம் குறைந்ததும் கூட்டம் பேச்சை ஆரம்பிக்கும். நீங்கள் மட்டும் எழுந்து ஓவியருக்குப் பின்னால் நாலடி தள்ளிப் போய் நில்லுங்கள். தாளில் பிரஷ் உரசுவது அப்போது காதில் விழும்.