இரண்டு இடம், நான்கு பாடம்

வணக்கம். கணினி அறிவியல் படிக்கிறேன், அடுத்த பருவத்தில் இறுதியாண்டு தொடங்குகிறது. இரண்டு விருப்பப் பாடங்கள் எடுக்க வேண்டும். கம்பைலர் வடிவமைப்பு, டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ், கிரிப்டோகிராஃபி, மெஷின் லேர்னிங் என்று நான்கு இருக்கின்றன. வேலை கிடைக்க மெஷின் லேர்னிங்தான் உதவும், அதை விடாதே என்கிறார்கள் நண்பர்கள். கம்பைலர் எடுத்தால் மதிப்பெண் போய்விடும் என்று சீனியர்கள் பயமுறுத்துகிறார்கள். கம்பைலர் எழுதும் வேலைக்குப் போகிறவர்கள் எத்தனை பேர், அதை எதற்குப் படிக்க வேண்டும் என்று எனக்கும் தோன்றுகிறது. நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?

க.

அன்புள்ள க.,

என்னைக் கேட்டால் கம்பைலரும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸும்.

நாம் எழுதும் நிரலைக் கணினி ஓட்டக்கூடிய வடிவுக்கு மாற்றுவது கம்பைலர். அதை எழுதும் வேலைக்குப் போகிறவர்கள் குறைவுதான். ஆனாலும் அந்தப் பாடத்தை எடுக்கச் சொல்வேன். இதுவரை தனித்தனியாகப் படித்ததெல்லாம் ஒரே நிரலுக்குள் வந்து சேரும் இடம் அது. ஒரு சின்ன உதாரணம். 10 - 4 - 3 என்ற கணக்கை உங்கள் பார்சரிடம், அதாவது எழுதியதை இலக்கண விதிப்படி பிரித்துப் படிக்கும் பகுதியிடம், கொடுக்கிறீர்கள். விடை 3 வர வேண்டும், 9 வருகிறது. இலக்கண விதியை வலப்பக்கமாக விரியும்படி எழுதியதால் அது 4 - 3ஐ முதலில் கழித்துவிட்டது. சரி, விதியை இடப்பக்கமாகத் திருப்பி, அதை அப்படியே ஒரு ஃபங்ஷனாக எழுதினால் அது ஒரு குறியைக்கூடப் படிக்காமல் தன்னையே அழைத்துக்கொண்டே போய், அழைப்புகளைக் குறித்துவைக்கும் ஸ்டாக் என்ற நினைவிடம் நிரம்பி நிரல் விழுகிறது. கடைசியில் ஒரு லூப் போட்டு, இடமிருந்து வலமாகச் சேர்த்துக்கொண்டே போனால் 3 வருகிறது. ஆட்டோமேட்டா பாடத்தில் தேர்வுக்காக மனப்பாடம் செய்த இடது மீள்வரல் (விதி தன் இடக்கோடியில் தன்னையே அழைப்பது) என்ன தொல்லை தரும் என்பது அன்றைக்குத்தான் புரியும். அப்புறம் மறக்காது.

ஜான் பேக்கஸ் தலைமையில் ஐபிஎம் குழு 1957இல் வெளியிட்ட முதல் ஃபோர்ட்ரான் கம்பைலருக்கு 18 ஆள்-ஆண்டு உழைப்பு, அதாவது ஒரே ஆள் செய்தால் 18 ஆண்டு பிடிக்கும் வேலை, தேவைப்பட்டது. இன்று ஒரு சிறிய மொழிக்கான கம்பைலரை மாணவர்கள் ஒரே பருவத்தில் எழுதி முடிக்கிறார்கள். இடையில் வளர்ந்த கோட்பாடும் கருவிகளும்தான் காரணம், அவற்றைத்தான் இந்தப் பாடம் சொல்லிக்கொடுக்கிறது. வேலைக்குப் போன பிறகும் அவை கண்ணில் பட்டுக்கொண்டே இருக்கும். டேட்டாபேஸுக்குப் போகும் ஒவ்வொரு எஸ்க்யூஎல் வரியையும் உள்ளே ஒரு பார்சர் பிரித்துப் படிக்கிறது, அதற்கு மேல், அதை வேகமாக நிறைவேற்றும் வழியைத் தேடும் ஒரு ஆப்டிமைசர் உட்கார்ந்திருக்கிறது.

டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸ் என்றால் நெட்வொர்க் வழியாகப் பேசிக்கொண்டு சேர்ந்து வேலை செய்யும் பல மெஷின்கள். அதில் எல்லாமே ஒரு கேள்வியைச் சுற்றித்தான். எதிர்முனையிலிருந்து பதில் வரவில்லை: அந்த மெஷின் செத்துவிட்டதா, தாமதமாகிறதா? இங்கிருந்து கண்டுபிடிக்க வழியில்லை. பணம் அனுப்பும் கோரிக்கையை மறுபடி அனுப்பினால் இரண்டு முறை கழிந்துவிடலாம், அனுப்பாவிட்டால் ஒரு முறைகூடப் போகாமல் இருக்கலாம். செய்திகள் வந்துசேரும் நேரத்துக்கு வரம்பே இல்லாத அமைப்பில், ஒரே ஒரு மெஷின் செயலிழக்கக்கூடும் என்றாலே, மற்றவை ஒருமித்த முடிவுக்கு வந்தே தீரும் என்று எந்த நிர்ணயவாத (தற்செயல் தேர்வுகளைப் பயன்படுத்தாத) அல்காரிதமாலும் உறுதி தர முடியாது. ஃபிஷர், லிஞ்ச், பேட்டர்சன் மூவரும் 1985இல் இதை நிரூபித்தார்கள். அப்படியும் இந்த அமைப்புகள் நடைமுறையில் ஓடுகின்றன. எப்படி என்பதை பல சர்வர்களை ஒரே முடிவுக்குக் கொண்டுவரும், 2014இல் வந்த ராஃப்ட் அல்காரிதத்தை நீங்களே எழுதிப் பார்த்தால் தெரிந்துகொள்ளலாம். உங்கள் நிரலை ஐந்து சர்வர்களில் ஓடவிட்டு இரண்டை நிறுத்திப் பாருங்கள். மிச்சம் மூன்றும் பெரும்பான்மை என்பதால் வேலை நிற்காது. மூன்றாவதையும் நிறுத்தினால் புதிதாக எதுவும் பதிவாகாது, ஆனால் பதிவாகி முடிந்த எதுவும் மாறியும் போகாது. இதை முதல் முறை கண்ணால் பார்க்கும்போது வரும் சந்தோஷம் பெரிது.

மெஷின் லேர்னிங் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. உங்கள் துறையில் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று பாருங்கள். பிழையைப் பின்னோக்கிக் கணக்கிட்டு மாடலைத் திருத்த உதவும் பேக்ப்ராபகேஷனை லைப்ரரி இல்லாமல் எழுதவைத்து, ஒவ்வொரு கிரேடியன்டையும் (பிழை மாறும் வீதத்தையும்) தாளில் போட்டு சரிபார்க்கச் சொல்கிறார்களா? அப்படியானால் தாராளமாக எடுங்கள், டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸை விட்டுக்கொடுக்கலாம். ஆயத்த லைப்ரரியை அழைத்து வரைபடம் போடுவதோடு பாடம் முடிகிறதென்றால், அதை ஒரு விடுமுறையில் நீங்களே கற்றுக்கொள்ளலாம். அணிகளும் (மேட்ரிக்ஸ்) நிகழ்தகவும் தடுமாறினால் முதலில் அவற்றைச் சரிசெய்யுங்கள்.

கிரிப்டோகிராஃபி எண் கோட்பாட்டில் பிரியம் உள்ளவர்களுக்கு அருமையான பாடம். உங்கள் கடிதத்தில் அந்த ஆர்வம் தெரியவில்லை.

மதிப்பெண் பயத்தை நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. மேற்படிப்பும் உதவித்தொகையும் அதை நம்பியிருக்கலாம். அதனால், முடிந்தால் கம்பைலரையும் டிஸ்ட்ரிபியூட்டட் சிஸ்டம்ஸையும் ஒரே பருவத்தில் வைத்துக்கொள்ளாதீர்கள். இரண்டிலும் லேப் வேலை பருவத்தின் பின்பாதியில்தான் கூடும். சீனியர்களிடம் மதிப்பெண்ணைப் பற்றிக் கேட்டது போதும். போன வருட அசைன்மென்ட் தாள்களை வாங்கிப் பாருங்கள், லேபை இருவராகச் சேர்ந்து செய்ய அனுமதி உண்டா என்று பேராசிரியரிடம் கேளுங்கள். பெயர் பதிவதற்கு முன்பே இதைச் செய்துவிடுங்கள்.