பாகுபாடில்லாத வகுப்பறை: கேள்வி பதில்

பதினான்கு வருடம் தொடக்க வகுப்பு ஆசிரியர், அதன்பின் பன்னிரண்டு வருடம் தலைமை ஆசிரியர். வந்த கேள்விகளில் சிலவற்றுக்கு என் பதில்கள்.

கேள்வி (ஒரு தாய்): நாலு வயசுப் பிள்ளைக்கு நிறம், பேதமெல்லாம் தெரியுமா? நாமே பேசி மனசைக் கெடுத்துவிட மாட்டோமா?

பதில்: தெரியும்மா. 1940களில் அமெரிக்காவில் கென்னத் கிளார்க், மேமி கிளார்க் என்ற உளவியலாளர் தம்பதி, மூன்று முதல் ஏழு வயதுக் கறுப்பினக் குழந்தைகள் முன் கறுப்பு, வெள்ளை பொம்மைகளை வைத்து, எது நல்ல பொம்மை என்று கேட்டார்கள். பெரும்பாலான பிள்ளைகள் வெள்ளையைக் காட்டினார்கள். "அந்த அண்ணன் ஏன் சக்கர நாற்காலியில வர்றார்?" என்று பிள்ளை கேட்டதும் "உஷ்" என்கிறோமே, அந்த 'உஷ்'தான் மனசைக் கெடுக்கிறது.

கேள்வி (ஓர் ஆசிரியர்): நீங்கள் தொடக்கத்திலிருந்தே பாகுபாடு பார்க்காதவர்தானா?

பதில்: இல்லை. எல்லாரையும் ஒரே மாதிரி நடத்துகிறேன் என்று முழுசாக நம்பியிருந்தேன். ஒரு சக ஆசிரியை பின்வரிசையில் உட்கார்ந்து, நான் யார் பெயரைச் சொல்கிறேன் என்று கோடு போட்டுக் காட்டினார். நாற்பது நிமிடத்தில் திரும்பத் திரும்ப ஆறே பிள்ளைகள். அன்று இரவு எனக்குத் தூக்கம் வரவில்லை. கேள்வி கேட்டபின் ஆசிரியர்கள் சுமார் ஒரு விநாடிதான் காத்திருக்கிறார்கள், மூன்று விநாடி பொறுத்தால் 'மந்தம்' என்று ஒதுக்கப்பட்ட பிள்ளைகளும் பேசுகிறார்கள் என்று அமெரிக்கக் கல்வி ஆய்வாளர் மேரி பட் ரோ கண்டிருந்தார். மனசுக்குள் மூன்று எண்ணிப் பழக எனக்கு ஒரு வருடம் பிடித்தது.

கேள்வி (தலைமைப் பொறுப்பு ஏற்கப்போகும் ஒருவர்): முதலில் எதில் கை வைத்தீர்கள்?

பதில்: ஒழுங்கு நடவடிக்கைப் பதிவேட்டில். விழாவும் சுவரொட்டியும் அப்புறம். "சன்னலை உடைத்தான்" என்ற பதிவு எல்லா வகைப் பிள்ளைகள் பெயரிலும் இருந்தது. "மரியாதை இல்லை", "முறைத்தாள்" என்பவை மட்டும் சில வீட்டுப் பிள்ளைகள் பெயரிலேயே குவிந்திருந்தன. அமெரிக்காவில் ரஸ்ஸல் ஸ்கிபா குழுவினர் 2002ல் வெளியிட்ட ஆய்விலும் இதே கதைதான். வெள்ளையின மாணவர்கள்மீது புகைபிடித்தல், பொருளைச் சேதப்படுத்துதல் என்று கண்ணால் கண்ட குற்றங்கள். கறுப்பின மாணவர்கள்மீது மரியாதைக் குறைவு, அதிகச் சத்தம் என்று ஆசிரியரின் கணிப்பில் தொங்கும் குற்றங்கள். பிள்ளை சொன்ன சொல்லை, செய்த செயலை அப்படியே எழுதாமல் யாரையும் என் அறைக்கு அனுப்பக் கூடாது என்றேன். இரண்டு மாதம் ஆசிரியர் அறையில் என்னோடு யாரும் சரியாகப் பேசவில்லை. ஆனால் எழுத உட்கார்ந்தவர்களில் பலர் பேனாவை மூடிவிட்டு வகுப்புக்கே திரும்பினார்கள்.

கேள்வி (ஒரு தந்தை): சின்னப் பிள்ளைகளுக்கு எதிர்த்து நிற்கக் கற்றுத் தரலாமா?

பதில்: தர வேண்டும். பாகுபாட்டை எதிர்க்கும் கல்விக்கு, அமெரிக்கக் கல்வியாளர் லூயிஸ் டெர்மன்-ஸ்பார்க்ஸ் வகுத்த இலக்குகள் நான்கு: தன்னை மதித்தல், வேறுபட்டவரோடு இயல்பாகப் பழகுதல், அநியாயத்தை அடையாளம் காணுதல், அதை எதிர்த்து நிற்றல். முதல் இரண்டோடு நின்றுவிடும் பள்ளிகளே அதிகம். எங்கள் சேர்க்கைப் படிவத்தில் பெற்றோர் பெயருக்கு மட்டுமே இடம் இருந்தது. பாட்டியிடம் வளரும் ஒரு சிறுமிக்காக இரண்டாம் வகுப்பே சேர்ந்து எனக்குக் கடிதம் எழுதியது. படிவத்தை மாற்றினேன். மறுவாரம் இன்னொரு கடிதம்: சக்கர நாற்காலியில் வரும் நண்பனுக்குக் குடிநீர்க் குழாய் எட்டவில்லையாம். குழாயையும் இறக்கி வைத்தோம்.